டெல்சியும் அப்பாவின் கல்லும்

நான் எதற்கும் பயப்படாதவன் என்று வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் பெயர் வாங்கியவன். மைக் கையில் இருந்தால் இரண்டாயிரம் பேரை வாயாலேயே கட்டி ஆள்வேன். இப்போது பஸ் ஓட்டுகிறேன், அங்கேயும் அப்படித்தான். ஆனால் 1995-ஆம் வருடம் ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரைக்கும் என் சொந்த வேனின் பின்கதவைத் திறக்க எனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டியிருந்தது. டெல்சி லெண்டோரைப் பற்றி எழுது என்று பலர் கேட்டும் நான் தட்டிக்கழித்து வந்ததற்கு அந்த மூன்று மாதம்தான் காரணம். போன மாதம் அவளே "எழுதிடுடா, எனக்கும் வயசாகுது" என்று சொல்லிவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

டெல்சி பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். மலைச்சரிவு முழுக்கக் கம்பளி மில்கள் இருந்த காலம். வார நாட்களில் அவளுக்கு மில்லில் துணியில் குறை பார்க்கும் வேலை. தறியிலிருந்து இறங்கிய கோட்டுத் துணியை விரித்துப் போட்டு, விரல் நுனியால் தடவிக்கொண்டே போவாள். முடிச்சு எங்கே, இழை விட்டது எங்கே என்று விரல் சொல்லிவிடும். சனிக்கிழமையானால் அதே விரல்கள் ரெக்கார்டின் மேல் இருக்கும். லீட்ஸ், ஷெஃபீல்ட், மான்செஸ்டர் என்று வடக்கே டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான இசைக்கு ஆடுகிற கூட்டம் எங்கெல்லாம் கூடியதோ அங்கெல்லாம் டிஜே டெல் என்றால் தெரியும். அவள் ரெக்கார்டு போடுவாள், பக்கத்தில் நின்று மைக்கில் நான் கத்துவேன். அவள் மொத்த இரவிலும் பத்து வார்த்தை பேசமாட்டாள். அதற்கும் சேர்த்து நான் பேசினேன்.

அவளுக்கு இந்த வழியைக் காட்டியது நாங்கள்தான் என்று என் குடும்பம் இன்றைக்கும் பீற்றிக்கொள்ளும். என் அப்பா ஜமைக்காவிலிருந்து வந்தவர். பகலெல்லாம் பல்சக்கரத் தொழிற்சாலை, மிச்ச நேரமெல்லாம் 'மவுண்ட் சீனாய்'. அது அவருடைய சவுண்டின் பெயர். சவுண்ட் என்றால் அலமாரி உயரத்துக்கு அவரே அறுத்து அடித்துச் செய்த ஸ்பீக்கர் பெட்டிகள், ரெக்கார்டுகள், அவற்றைத் தூக்க என்னைப் போன்ற கழுதைகள். கல்யாணமோ ஞானஸ்நானமோ, சர்ச் ஹாலில் அதுதான் முழங்கும். பதினான்கு வயது டெல்சி எங்கள் நிலவறைக்கு வந்து ஒரு பெட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வாள். பேஸ் என்கிற அந்த அடிச்சத்தம் முதுகெலும்பில் ஏறுவது அவளுக்குப் பிடித்தது. பெண்பிள்ளைகள் ரெக்கார்டைத் தொடக்கூடாது என்பது என் அப்பாவின் சட்டம். அவள் சண்டை போடவில்லை. ஒயர் பற்றவைக்கக் கற்றுக்கொண்டாள். அவருக்குக் கண் மங்கியபோது அவள் இல்லாமல் சவுண்ட் ஓடாது என்ற நிலை வந்துவிட்டது, சட்டமும் போய்விட்டது.

ஆனால் டெல்சியைக் கேட்டால் வேறு கதை சொல்வாள். "பேஸ் உங்க வீட்டுல இருந்து வந்தது, சரி. முரசு எங்க வீட்டுது" என்பாள். அவள் அப்பா சில்வன் லெண்டோர் காரியகூத் தீவுக்காரர். கிரெனடாவுக்குப் பக்கத்தில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம் போல ஒரு தீவு. ஜமைக்காக்காரர்களான நாங்கள் சின்னத் தீவுக்காரர்களைக் கேலி செய்யாமல் ஒரு வேளை சாப்பிட மாட்டோம். ஆனால் அந்தத் தீவில் 'பெரிய முரசு' என்று ஒன்று இருக்கிறது. ரம் பீப்பாயை அறுத்து ஆட்டுத்தோல் கட்டிய மூன்று முரசுகள். இரண்டு ஒரே நடையில் போய்க்கொண்டிருக்கும். மூன்றாவதற்குக் கட்டர் என்று பெயர். தோலின் குறுக்கே ஊசி கோத்த நூல் ஓடும், அடித்தால் சீறும். மற்ற இரண்டும் நடக்க, கட்டர் உடைத்து, தாவி, ஓடும். எங்கள் ஊரில் கட்டர் அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் சில்வன்தான்.

அந்த முரசு பொழுதுபோக்குக்கு அடிக்கிறது இல்லை. செத்தவர்களைக் கூப்பிட அடிப்பது. முதல் பாட்டு அழைப்பு. அப்போது வட்டத்துக்குள் யாரும் கால் வைக்கமாட்டார்கள், வருகிறவர்கள் ஆடட்டும் என்று விட்டுவிடுவார்கள். வந்தவர்களுக்கு ஒரு மேசையில் தட்டு வைப்பார்கள். சோளமாவைக் கிண்டிய கூக்கூ, உருட்டிய சோறு, ஆட்டுக்கறி, எல்லாம் உப்பில்லாமல். உப்பு உயிரோடு இருக்கிறவர்களுக்கு மட்டும்தான். உப்பு தின்றவன் இந்தப் பக்கம் தங்குவான், உப்பை விட்டவன் அந்தப் பக்கம் பறந்துவிடுவான் என்பது அவர்கள் கணக்கு.

சில்வன் 1992 பிப்ரவரியில் போனார். புதைத்தால் மட்டும் காரியகூக்காரர்களுக்குக் காரியம் முடியாது. பிறகு ஒரு நாள் கல்லறைக் கல்லை நிறுத்தி, முரசடித்து, கல் விருந்து வைக்க வேண்டும். அதுவரை செத்தவர் வீட்டு வாசலுக்கும் கல்லறைக்கும் நடுவில் அலைந்துகொண்டிருப்பார். டெல்சியின் அம்மா யூலின் அடுத்த வருடமே கல்லுக்குச் சொல்லிவைத்தார். கருப்புக் கிரானைட், இரண்டு அங்குலக் கனம், பெயரும் தேதியும் வெள்ளை எழுத்தில். 1994 வசந்தத்தில் கல் வந்தது. அப்போது யூலின் ஆன்ட்டி அக்காவைப் பார்க்கக் காரியகூவுக்குப் போயிருந்தார். லாரிக்காரர்கள் அவர்கள் வீட்டு நிலவறையில் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.

கல் வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னால் விருந்து வைக்க வேண்டும். விருந்து என்றால் ஏற்பாடு, சமையல், சொந்தபந்தம் என்று நாலைந்து வாரக்கடைசி போய்விடும். டெல்சிக்கு அப்போதுதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊர் ஊராக அழைப்பு வர ஆரம்பித்திருந்தது. அம்மா திரும்பி வந்து கேட்டதும், கல்வெட்டுகிறவர் இழுத்தடிக்கிறார் என்று சொல்லிவிட்டாள். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று அந்தப் பொய் ஒரு வருடம் தாண்டி ஓடியது.

இதற்கு மேல் ஒன்று செய்தோம். 'செய்தோம்' என்றுதான் எழுத வேண்டும், என் கையும் அதில் இருந்தது.

டிஜேக்கள் எல்லோருக்கும் உள்ள தொல்லை இது. ரெக்கார்டு சுழலும் டர்ன்டேபிளை மேசையில் வைத்தால் பேஸ் அதிர்வில் ஊசி குதிக்கும். அதனால் கனமான நடைபாதைக் கல்லை வைத்து, அதன் மேல் வைப்போம். டெல்சியின் நிலவறையில் இருந்த நடைபாதைக் கல் விரிசல் விட்டு ஆடியது. ஒரு ஞாயிறு மதியம் அவள் அதைப் பார்த்தாள், மூலையில் கம்பளி போர்த்திச் சாய்ந்திருந்ததைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் "அது உங்க அப்பாடி" என்றேன். "ரெண்டு வாரத்துக்குத்தான்டா" என்றாள். மூச்சு வாங்கத் தூக்கி செங்கற்களின் மேல் படுக்க வைத்தோம். எழுத்து இருந்த பக்கத்தைக் கீழே திருப்பி வைத்தோம், கண்ணில் படவேண்டாம் என்று. இரண்டு டர்ன்டேபிளும் அளவெடுத்தது போல அதன் மேல் உட்கார்ந்தன. ஊசி அசையவே இல்லை. கல் அங்கேயே தங்கிவிட்டது.

அந்தக் கல்லின் மேல்தான் அவளுடைய பெரிய பாட்டு உருவானது. 1978-இல் சில்வன் ஊருக்குப் போய், தன் தாயாரின் கல் விருந்தில் கட்டர் அடித்ததை ஒரு கேசட்டில் பிடித்து வந்திருந்தார். டெல்சி அதிலிருந்து முதல் அழைப்பை மட்டும் எடுத்தாள். எட்டு வாரம் ஒவ்வொரு அடியாக வெட்டி, வேகம் கூட்டி, அடியில் என் அப்பா பெட்டிகளில் கேட்டது போன்ற பேஸைப் போட்டாள். லண்டனுக்குப் போய் ஒரே ஒரு இசைத்தட்டு வெட்டிக்கொண்டு வந்தாள். புதுப் பாட்டைக் கடைக்கு விடாமல், தனக்கு மட்டும் ஒரு தட்டு வெட்டி வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அவளிடம் மட்டும்தான் அது இருக்கும், அவள் வந்தால்தான் அதைக் கேட்கலாம்.

அதை முதலில் போட்டது ஜூலை மாதக் கார்னிவலில், பட்டப்பகலில், ஊர்வல லாரியின் மேல். சில்வனின் கை சீறிக்கொண்டு வந்ததும் தெருவே வெறிபிடித்த மாதிரி ஆனது. ஜனங்கள் லாரியின் பக்கவாட்டில் படபடவென்று தட்டினார்கள். தட்டினால் ரீவைண்ட் என்று அர்த்தம். டிஜே ரெக்கார்டைக் கையால் பின்னுக்குச் சுழற்றி, முதலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். எங்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. நான்கு முறை தட்டினார்கள். பாட்டு ஐந்து முறை முதலிலிருந்து தொடங்கியது. நான் மைக்கில் ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சொன்னேன். அன்று யூலின் ஆன்ட்டி சர்ச் ஆட்களோடு கடற்கரைக்குப் பஸ்ஸில் போயிருந்தார். அவருக்கு இப்படி ஒரு பாட்டு இருப்பதே தெரியாது.

யூலின் ஆன்ட்டியின் சமையல் எங்கள் ஊரில் பெயர் பெற்றது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபத்தேழு வருடம் இருந்தவர். ஞாயிறு தோறும் நான் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, கறியை வாயில் வைத்தால் சப்பென்று இருந்தது. உப்பு கேட்டேன். எழுந்து போய் எடுத்துக் கொடுத்தார், தான் தொடவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. ரத்த அழுத்தத்துக்காக உப்பை விட்டதற்கு டாக்டர் பாராட்டினார் என்று டெல்சி சொன்னாள். நானும் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு, டெல்சி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, ஆன்ட்டி என்னைக் கேட்டார்.

"எவர்டன், உங்க ஜமைக்காவுல செத்தவங்க கனவுல வருவாங்களா?"

"வருவாங்க ஆன்ட்டி. பெரிய தீவு, பெரிய பெரிய கனவா வரும்."

அவர் சிரிக்கவில்லை. கார்னிவல் முடிந்த வாரத்திலிருந்து சில்வன் வருகிறாராம். சமையலறை வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறும் எனாமல் தட்டோடு நிற்கிறாராம். "கூப்டீங்க, வந்தேன். ஒரே நாள்ல அஞ்சு தடவ கூப்டீங்க. அஞ்சு தடவையும் வந்தேன். ஒரு தடவகூட யாரும் ஒரு வாய் சோறு போடல" என்று சொன்னாராம். தொட்டியில் டெல்சியின் கையிலிருந்து ஒரு கோப்பை நழுவி உடைந்தது. ஆன்ட்டி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குச் சமைத்துப் போட ஆள் வேண்டுமாம், இங்கே யாரும் போடவில்லை என்றால் மனைவிதானே போக வேண்டும் என்று, சந்தைக்குப் போகிறதைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னார். அப்போதுதான் உப்பு ஏன் நின்றது என்று எனக்கு விளங்கியது. அந்தம்மாள் கிளம்பிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முதல் எனக்குத் தூக்கம் போனது. சின்னத் தீவுப் பேய்க்கு ஒரு ஜமைக்காக்காரன் பயப்படுவதா என்று என்னை நானே திட்டிப் பார்த்தேன். வேனின் பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் தொப்பியோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்றே தோன்றும். கதவைத் திறக்க யாரையாவது கூப்பிடுவேன். டெல்சி வெளியே ஒன்றும் காட்டவில்லை. ஷெஃபீல்டில் ஆட்டம் நடந்தபோது மட்டும் அது வெளியே வந்தது. அந்தப் பாட்டைப் போடு என்று கூட்டம் கேட்டுக்கொண்டே இருந்தது, போட்டாள். அழைப்பு வந்ததும் சுவரெல்லாம் தட்டினார்கள். அவள் ஊசியை எடுத்தாள், ரெக்கார்டைச் சுழற்றவில்லை. கை அந்தரத்தில் நின்றது. நான் மைக்கை மூடிக்கொண்டு "போடுடி" என்றேன். "முடியாதுடா, திரும்பவும் வெறும் வயித்தோட வந்து நிப்பாரு" என்றாள். வேறு ரெக்கார்டைப் போட்டாள். கூட்டம் கூவி எங்களை இறக்கிவிட்டது. அந்த ஊரிலிருந்து அதற்குப் பிறகு அவளுக்கு அழைப்பு வரவில்லை.

செப்டம்பரில் ஆன்ட்டியின் கன்னம் ஒட்டிவிட்டது. புதைக்கும்போது தனக்குப் போட வெள்ளை உடை ஒன்றைக் கஞ்சி போட்டுத் தேய்த்து, துணிப்பெட்டியில் மேலாக வைத்தார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றைக் கொடுக்க ஆரம்பித்தார். எனக்கு சில்வனின் மழைக்கோட்டு. வேண்டாம் ஆன்ட்டி, எனக்கு இறுக்கும் என்று பொய் சொல்லித் தப்பினேன். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிடுங்கள் என்றாராம். அக்டோபர் முதல் ஞாயிறு அவர் இன்னொரு கனவைச் சொன்னார். இந்தத் தடவை சில்வன் தட்டைப் பற்றிப் பேசவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

"தலைக்கு மேல என்னவோ சுத்திக்கிட்டே இருக்கு யூலின், கண்ண மூட முடியலன்னு சொல்றாரு. என்னன்னு கேட்டா சொல்லத் தெரியல. பாவமா இருக்குடா."

டெல்சியும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே மாட்டியிருப்போம். அந்தக் கல் இந்த வீட்டில் இருப்பது உலகத்திலேயே எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஆன்ட்டி அடுத்து, நாளைக் காலை கல்வெட்டுகிறவரிடம் தானே போய்க் கேட்கப் போவதாகச் சொன்னார்.

டெல்சி துண்டைக் கீழே வைத்தாள். "போக வேண்டாம்மா. கல்லு கீழ இருக்கு" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. எதில் வைத்திருக்கிறாள், எதற்காக, எவ்வளவு நாளாக, கேசட், கார்னிவல், ஐந்து முறை. சொல்லச் சொல்ல அம்மாவின் நெஞ்சு நின்றுவிடுமோ என்று நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆன்ட்டி எழுந்தார். முட்டி வலியால் பல வருடமாக அவர் நிலவறைக்கு இறங்கியதில்லை. நான் முன்னால், டெல்சி பின்னால், ஒவ்வொரு படியாக இறக்கினோம்.

கல்லின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தார். டர்ன்டேபிளில் அந்த இசைத்தட்டு கிடந்தது.

"இதுல வெச்சா நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"ஊசி குதிக்கலம்மா" என்றாள்.

"குதிக்காது. அவரு எங்கயும் அசஞ்சு குடுக்க மாட்டாரு."

போடச் சொன்னார். டெல்சி சத்தத்தைக் குறைத்துப் போட்டாள். கணவனின் கை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுவதைத் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஏன் இப்படி நாய் துரத்துகிற மாதிரி ஓடுகிறார் என்று கேட்டார். பிறகு பக்கத்தில் மிச்சம் கிடந்த செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து அழுதார். டெல்சி காலடியில் உட்கார்ந்து, அடிம்மா, ரெண்டு அடி அடிச்சிடும்மா என்று கெஞ்சினாள். அவர் அடிக்கவில்லை. நவம்பரில், கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற வாரத்திலேயே விருந்தை வைத்துவிட வேண்டும் என்றார். அதில் முரசு சரியாக விழுந்தால் சில்வன் உட்கார்ந்து சாப்பிடுவார். விழாவிட்டால் தன்னைக் கூட்டிக்கொண்டு போவார். இதைச் சொல்லிவிட்டு மேலே தூக்கிவிடச் சொன்னார்.

இங்கேதான் பெரிய சிக்கல். ஊரில் கட்டர் அடிக்க ஆள் இல்லை. இருந்த ஒரே ஆளுக்குத்தான் விருந்தே. பர்மிங்ஹாமில் ஒரு முதியவர் இருந்தார், அவருக்குக் கை விழுந்துவிட்டது. கூட அடிக்கும் இரண்டு முரசுக்கு மட்டும் ஆல்சீட் என்ற பெரியவரும் அவர் மருமகனும் இருந்தார்கள். டெல்சி அடிக்கட்டும் என்று ஆன்ட்டி சொன்னதும் ஆல்சீட் குதித்தார். பெண் கை பட்டால் கட்டர் பேசாது என்றார். ஆன்ட்டி, அது அவள் கை இல்லை, எட்டு வாரம் அவர் அடியையே விரலால் தடவித் தடவி வெட்டியிருக்கிறாள், அந்த அழைப்பில் முடிச்சு எங்கே என்று அவளைவிட யாருக்குத் தெரியும் என்று கேட்டார். ஆல்சீட் ஒத்துக்கொண்டார், சமாதானம் ஆகவில்லை. டெல்சிக்குத் தெரிந்தது அந்த அழைப்பு ஒன்றுதான், அதற்கு மேல் ஓர் அடிகூடத் தெரியாது. மூன்று வாரம் மில்லிலிருந்து வந்ததும் அப்பாவின் முரசை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது.

நவம்பர் நான்காம் தேதி, சனிக்கிழமை காலை, மழைத் தூறலில் கல்லை நிறுத்தினோம். சிமெண்டு போடுவதற்கு முன் டெல்சி பைக்குள்ளிருந்து அந்த இசைத்தட்டை எடுத்துக் குழியில் வைத்தாள். லண்டனில் ஒருவர் அதைப் பெரிய அளவில் அச்சடிக்கக் கேட்டுக் கடிதம் மேல் கடிதம் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

மதியம் சர்ச் ஹாலில் முரசு. கூட்டம் நிறைந்திருந்தது. ஆன்ட்டி உள்ளே வந்தார். அந்த வெள்ளை உடையைப் போட்டிருந்தார். பாடுகிற பெண்களோடு உட்காரவில்லை. பக்கத்து அறையில் தட்டு வைத்திருந்த மேசை தெரியும்படி, அந்த வாசலோரமாகத் தனியாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கோட்டு போட்டுக்கொண்டு ரயிலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி இருந்தது. டெல்சியும் பார்த்துவிட்டாள்.

ஆல்சீட் தரையில் ரம்மும் தண்ணீரும் தெளித்தார். இரண்டு முரசும் நடையைத் தொடங்கின. டெல்சி கட்டரில் கை வைத்தாள். வைத்ததுமே தப்பிவிட்டது. பழக்க தோஷம், அவள் கை ரெக்கார்டு வேகத்தில் பறந்தது. ஆல்சீட்டால் கூட வர முடியவில்லை, மூன்றும் மூன்று பக்கம் இழுத்துக்கொண்டு நின்றுபோயின. ஆன்ட்டி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழப் போனார். எங்கே எழுகிறார், எந்தப் பக்கம் போகப் போகிறார் என்று நான் அவரையே பார்த்தேன். எழவில்லை, திரும்ப உட்கார்ந்தார்.

"மெதுவாடி," என்றார். "அவருக்கும் முட்டி வலி."

டெல்சி கண்ணை மூடினாள். மில்லில் துணி தடவும்போது மூடுவது போலத்தான். மறுபடி நடை தொடங்கியது. இந்தத் தடவை காத்திருந்தாள், இன்னும் காத்திருந்தாள், பிறகு அடித்தாள். கட்டர் சீறியது. நான் சில்வனைப் பல தடவை கேட்டவன். அது சில்வன். காலியாக இருந்த வட்டத்தில் தெளித்த ரம் வாசனை எழும்பியது, ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரத்தில், கடவுளே, பன்னிரண்டு வருடப் பழக்கம், என் கை தானாகப் பின்னால் போய்ச் சுவரில் படபடவென்று தட்டிவிட்டது.

மூன்று முரசும் நின்றன. ஹால் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. கூப்பிட்டவரைப் பாதி வழியில் நிறுத்திவிட்டேன். டெல்சியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. யூலின் ஆன்ட்டியை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்றைக்கும் சில நாள் பஸ் ஓட்டும்போது வரும்.

ஆன்ட்டி வட்டத்தைப் பார்த்தார்.

"ஜமைக்காக்காரனுக்கு எங்க போனாலும் பொறுமை கெடயாது," என்றார். பிறகு மகளிடம் சொன்னார், "மறுபடி மொதல்ல இருந்து அடி டெல்சி. பரவால்ல, வரட்டும். இந்தத் தடவ சோறு இருக்கு."

டெல்சி முதலிலிருந்து அடித்தாள். அழுதுகொண்டே அடித்தாள், ஓர் அடிகூடத் தப்பவில்லை. அவள் வாழ்க்கையில் வாசித்ததிலேயே அதுதான் சிறந்தது. அதைப் பதிவு செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

செத்தவருக்குத் தட்டு வைத்த அறையை அன்றிரவு பூட்டி வைப்பார்கள். விடியும் முன் வீட்டிலேயே வயதில் மூத்தவள் போய்த் திறப்பாள். ஞாயிறு விடியற்காலை ஆன்ட்டி சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் வெளியே நின்றோம். வழக்கமாக உடனே கதவு திறந்து எல்லோரையும் கூப்பிடுவார்கள், குழந்தைகள் முந்திக்கொண்டு போய்ப் பங்கு வாங்கும். கதவு திறக்கவில்லை. ஐந்து நிமிடம் ஆனது, பத்து நிமிடம் ஆனது. உள்ளே சத்தமே இல்லை. டெல்சி கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள், அவளுக்குத் தள்ளத் தைரியம் வரவில்லை. என்னைப் பார்த்தாள். நேற்றுத் தட்டிய கைதானே என்று நினைத்துக்கொண்டு நானே தள்ளினேன்.

மெழுகுவர்த்தி அணையும் நிலையில் இருந்தது. ஆன்ட்டி வெள்ளை உடையில், மேசையில் முழங்கையை ஊன்றி, தட்டின் மேல் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். அசையவில்லை.

"அம்மா" என்றாள் டெல்சி. அவ்வளவுதான் வந்தது.

ஆன்ட்டி தலையைத் தூக்கினார். வாய் நிறையக் கூக்கூ. நிதானமாக மென்று விழுங்கினார். எதிர் நாற்காலியைக் காட்டி, அவர் சாப்பிட்டுப் போய்விட்டார் என்றார். பிறகு எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னடி சமைச்சிருக்கீங்க, மண்ணத் திங்கிற மாதிரி இருக்கு. போய் உப்பு எடுத்துட்டு வா."

டெல்சி ஹாலின் சமையலறைக்கு ஓடினாள். டப்பா எது என்று தேடப் பொறுமையில்லாமல் முழுப் பொட்டலத்தையும் கொண்டுவந்தாள். அவசரத்தில் தட்டு, மேசை, அம்மாவின் வெள்ளை உடை என்று எல்லா இடத்திலும் கொட்டினாள். ஆன்ட்டி திட்டிக்கொண்டே அதை விரலால் கூட்டி அள்ளி, சோற்றில் பிசைந்து, தட்டில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். டாக்டர் பார்த்திருந்தால் அவருக்குத்தான் மயக்கம் வந்திருக்கும்.